கணைய நீர்ப்பையைத் தீங்கற்றது என்று எழுதிக் கையெழுத்திடுவது எப்படி?

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், நோயியல் துறை மேசையில் ஒரு கணையத் தலையைப் பார்த்தேன். அறுவைச் சிகிச்சையில் எடுத்து, குறுக்கே வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டுப்பரப்பு முழுவதும் கடுகளவும் மிளகளவுமாகக் கண்ணறைகள், நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு. தேனடையை அறுத்து வைத்தது போலவே இருந்தது. நோயியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சீரஸ் சிஸ்டடினோமா. இதை எடுத்திருக்கவே வேண்டாம்" என்றார். தெளிந்த நீர் நிறைந்த, தீங்கற்ற நீர்ப்பை அது.

அந்தக் கணையத்துக்கு உரியவர் 58 வயதுப் பெண். வலி எதுவும் இல்லாதவர். கணையத் தலையோடு முன்சிறுகுடலும் பித்தப்பையும் பித்தநாளத்தின் ஒரு பகுதியும் போய்விட்டன. பிறகு அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் நொதி மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. அவருடைய கோப்பைத் திருப்பிப் பார்த்தபோது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (சுருக்கமாக இ.யு.எஸ்., வாய் வழியாகக் குழாயை விட்டு உள்ளிருந்தே எடுக்கும் ஸ்கேன்) அறிக்கையின் கடைசி வரி கண்ணில் பட்டது: "புற்றுநோய் இல்லை என்று உறுதியாகக் கூற இயலவில்லை." அந்த வரியை நம்பித்தான் கத்தி எடுக்கப்பட்டது.

இப்போது நெல்லையில் இ.யு.எஸ். செய்கிறேன். என்னிடம் கற்க வரும் இளைய மருத்துவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். கணையப் புற்றைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தீங்கற்றதைத் தீங்கற்றது என்று கண்டு, அதை எழுதிக் கையெழுத்திடும் பழக்கம்தான் அரிதாக இருக்கிறது. நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படித்தாலும் நல்லது. உங்கள் வயிற்றுக்குள் போகும் குழாய் எதைத் தேடுகிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதல் வேலை, குழாயைத் தொடாமல் செய்ய வேண்டியது. நோயாளியின் மஞ்சள் பையை வாங்கிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பத்து வருடத்து மருத்துவச் சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் அந்தப் பையில்தான் இருக்கும். பித்தப்பைக் கல்லுக்காகவோ சிறுநீரகக் கல்லுக்காகவோ என்றோ எடுத்த ஒரு சி.டி. ஸ்கேனில் இதே நீர்ப்பை, இதே அளவில், யாரும் குறிப்பிடாமல் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக 22 மில்லிமீட்டரிலேயே நிற்கும் நீர்ப்பை, எந்த ஊசியும் சொல்லாத சாட்சியைச் சொல்லிவிடும்.

அடுத்து வயது, ஆணா பெண்ணா என்பது, பழைய வயிற்றுவலி. கணைய அழற்சி வந்தவருக்கு, அதன் பிறகு நான்கு வாரம் போல ஆனபின் உருவாகும் நீர்ப்பை பெரும்பாலும் போலி நீர்ப்பை. அதற்குச் சொந்தமான உட்சுவர்ச் செல்கள் கிடையாது. கசிந்த கணைய நீரைச் சுற்றி உடல் கட்டிய வேலிதான் அது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மதுவே தொடாத இளைஞர்களுக்குக்கூடக் கணையத்தில் கல் விழும் நோய் உண்டு என்பதால், "குடிப்பீர்களா?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். சிறு வயதிலிருந்தே வயிற்றுவலி உண்டா, மலம் எண்ணெய் மிதப்பது போலப் போகிறதா, முப்பதுக்குள் சர்க்கரை வந்ததா என்றும் கேளுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கணைய அழற்சியே வராதவருக்குப் போலி நீர்ப்பை என்று எழுதுவது ஆபத்தான சோம்பல். அப்படி எழுதப்பட்டவற்றில் சில, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய, கோழை சுரக்கும் நீர்ப்பைகளாக இருந்திருக்கின்றன.

எம்.ஆர்.ஐ.யோடு, பித்த நாளத்தையும் கணைய நாளத்தையும் காட்டும் எம்.ஆர்.சி.பி. படம் இல்லையென்றால் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். நீர்ப்பைக்கும் கணைய நாளத்துக்கும் உள்ள தொடர்பு அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு ஒரு கேள்வி: இந்தப் பரிசோதனையின் விடை இவருக்கு நாம் செய்யப்போவதை மாற்றுமா? 85 வயது, இதயம் பலவீனம், எந்த அறுவைச் சிகிச்சையும் தாங்காத பாட்டி ஒருவரைப் பேரன் மதுரையிலிருந்து அழைத்து வந்தார். 15 மில்லிமீட்டர் நீர்ப்பை, நாளம் விரியவில்லை, உள்ளே முடிச்சு எதுவும் இல்லை. குழாயை விடாமலே வீட்டுக்கு அனுப்பினேன். அதுவும் சரியான இ.யு.எஸ். முடிவுதான்.

தயாரிப்பு பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் உறையாமல் இருக்க என்ன மாத்திரை போடுகிறார் என்பதைப் பெயரோடு கேட்டு, ஊசி போடும் வாய்ப்பு இருந்தால் எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று இதய மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து மயக்க மருந்து. அவ்வளவுதான்.

இ.யு.எஸ். குழாயின் நுனியில் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கிறது. வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று கணையத்தை மறைக்கிறது. அந்தத் தடையைத் தாண்டத்தான் 1980இல் டிமாக்னோ குழுவினர் அமெரிக்காவிலும் வேறு சிலர் ஜெர்மனியிலும் கருவியை உள்ளேயே அனுப்பினார்கள். இரைப்பைச் சுவருக்கு அப்பால் சில மில்லிமீட்டரில் கணையம் கிடக்கிறது. அதனால் 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை உயர் அதிர்வெண்ணைப் பயன்படுத்த முடிகிறது. இரண்டு மில்லிமீட்டர் தடுப்பும் தெளிவாகத் தெரிகிறது.

இளையவர்கள் செய்யும் பெரிய தவறு, உள்ளே போனதும் நேராக நீர்ப்பைக்கு ஓடுவது. அதை மறந்துவிட்டு முழுக் கணையத்தையும் பாருங்கள். என் வரிசை எப்போதும் ஒன்றே. இரைப்பையின் மேற்பகுதியில் பெருந்தமனியைப் பிடித்து, அதிலிருந்து சீலியாக் தமனி பிரியும் இடத்தைக் கண்டு, மண்ணீரல் சிரையைத் தொடர்ந்தால் கணையத்தின் உடலும் வாலும் படத்தில் வந்துவிடும். பிறகு முன்சிறுகுடலின் முதல் பகுதியிலிருந்து கணையத் தலை, பித்தநாளம், போர்ட்டல் சிரை. கடைசியாக இரண்டாம் பகுதிக்கு இறங்கி, தலையின் கொக்கிப் பகுதியும், பித்தநாளமும் கணைய நாளமும் குடலுக்குள் திறக்கும் மேடான பாப்பில்லாவும். அங்கே கேமராவாலும் பாருங்கள். பாப்பில்லாவின் வாய் மீன் வாய் போலத் திறந்து, கோழை வழிந்துகொண்டிருந்தால் நோயின் பெயர் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது: முதன்மை நாளத்தைப் பிடித்த ஐ.பி.எம்.என். (கணைய நாளத்துக்குள் வளர்ந்து கோழை சுரக்கும் வகை). 1982இல் ஜப்பானில் ஒஹாஷி குழுவினர் முதன்முதலில் விவரித்ததும் இந்தக் காட்சியைத்தான்.

நாளத்தை மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். தலையில் 3 மில்லிமீட்டர், உடலில் 2, வாலில் 1 என்பது இயல்பை நினைவில் வைக்க எளிய கணக்கு. 5 முதல் 9 வரை கவலைக்குரியது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் அறுவைச் சிகிச்சை மருத்துவரோடு அன்றே பேச வேண்டும். நாளம் ஓரிடத்தில் திடீரென்று குறுகி அதற்கு அப்பால் கணையம் சுருங்கியிருந்தால், நீர்ப்பையை விட அந்தக் குறுகிய இடம்தான் முக்கியம். நீர்ப்பையை மட்டுமே பார்த்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சிறு புற்றைத் தவறவிட்ட கதைகள் இந்தத் துறையில் உண்டு.

இனி நீர்ப்பை. சீரஸ் வகையை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் பிறகு மறக்காது. சிறுசிறு அறைகள் நெருக்கமாக, இடையில் மெல்லிய தடுப்புகள், தேனடைத் தோற்றம். நடுவில் தழும்பு, சிலரிடம் அதில் சுண்ணாம்பு. டாப்ளரில் தடுப்புகளுக்குள் நுண்ணிய ரத்த ஓட்டம் மினுங்கும். நாளத்தோடு தொடர்பு இருக்காது. பெரும்பாலும் வயதான பெண்கள். அறைகள் மிகமிகச் சிறியவையாக இருந்தால் படத்தில் திடக்கட்டி போலவே தெரிந்து ஏமாற்றும். அப்போது எம்.ஆர்.ஐ.யை மறுபடி பாருங்கள். நீர் அதில் வெள்ளையாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தேனடைத் தோற்றம் தெளிவாக இருந்தால் நான் ஊசி போடுவதில்லை. போட்டாலும் அந்தக் குட்டி அறைகளிலிருந்து நாலு சொட்டு ரத்தம்தான் வரும்.

கோழை சுரக்கும் இன்னொன்றான எம்.சி.என். (மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம்) வகை கிட்டத்தட்ட எப்போதும் பெண்களிடம்தான். நாற்பது, ஐம்பது வயதில், உடலிலோ வாலிலோ, ஒற்றையாக, தடித்த சுவரோடு இருக்கும். சுண்ணாம்பு படிந்தால் முட்டை ஓடு போல ஓரத்தில் படியும். கிளை நாள ஐ.பி.எம்.என். திராட்சைக் கொத்து போல இருக்கும், நாளத்தோடு ஒரு கழுத்தால் இணைந்திருக்கும். அந்தக் கழுத்தைத் தேடிப் பிடிக்கக் குழாயை மிக மெதுவாக, மூச்சு விடும் வேகத்தில் திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு அது தெரியாது. இருபது, முப்பது வயதுப் பெண்ணிடம் பாதி திடமும் பாதி நீருமாக ஒரு கட்டி இருந்தால் எஸ்.பி.என். (சாலிட் சூடோபாப்பிலரி நியோபிளாசம்) வகையை நினையுங்கள். அது வெட்டி எடுக்க வேண்டியது, எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடுவது.

நீர்ப்பைக்குள் ஒரு திட்டு தெரிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிதானமாக இருங்கள். அது கோழை உருண்டையாகவும் இருக்கலாம், சுவரில் வளரும் முடிச்சாகவும் இருக்கலாம். கோழை உருண்டையின் விளிம்பு வழவழப்பாக, வெள்ளைக் கோடு போட்டது போல இருக்கும், உட்பகுதி இருண்டிருக்கும். நோயாளியைச் சற்றுப் புரட்டினால் பலமுறை நகர்ந்துவிடும். டாப்ளரில் அதற்குள் ஓட்டம் இல்லை. நுண்குமிழ் மருந்தைச் சிரையில் செலுத்தும் வசதி இருந்தால் சந்தேகம் நிமிடத்தில் தீரும். ரத்தம் ஓடும் முடிச்சு ஒளிரும், கோழை இருட்டாகவே நிற்கும். ஒளிரும் முடிச்சு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது உயர் ஆபத்துக் குறி.

ஊசிக்கு முன் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போடாமல் இருந்தால் என் அறையில் யாருக்கும் ஊசி கையில் கிடைக்காது. மண்ணீரல் தமனியில் உண்டாகும் வீக்கம் கறுப்பாக, உருண்டையாக, அழகான நீர்ப்பை போலவே நிற்கும். கணைய அழற்சிக்குப் பிறகு வரும் போலித் தமனி வீக்கமும் அப்படியே. அதில் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தலைப்பகுதியில் உள்ள "நீர்ப்பை" சில நேரம் முன்சிறுகுடலின் பைப் பிதுக்கமாக இருக்கும். குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உள்ளே குமிழ்கள் ஓடும். ஆடு மாடு, நாய்களோடு புழங்கும் குடும்பங்களில் நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் நீர்ப்பையையும் நினைவில் வையுங்கள். கணையத்தில் அது அரிது. ஆனால் பைக்குள் இன்னொரு பையோ மிதக்கும் சவ்வோ தெரிந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குத்தி உடைத்தால் கடும் ஒவ்வாமை வரலாம்.

இத்தனைக்கும் பிறகு விடை கிடைக்காமல், அந்த விடை சிகிச்சையை மாற்றும் என்றால்தான் ஊசி. டென்மார்க்கில் வில்மன் 1992இல் இந்த வழியில் கணையத்தில் ஊசி போட்டுக் காட்டினார். இன்று நான் எடுப்பது பெரும்பாலும் 22 கேஜ் ஊசி. கோழை மிகவும் கெட்டியாக இருக்கும் என்று தோன்றினால் அதைவிடப் பருமனான 19. குறுக்கே நாளமோ ரத்தக் குழாயோ இல்லாத, கணையத் திசுவை மிகக் குறைவாகக் கடக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே குத்து. பல அறைகள் இருந்தால் பெரிய அறையில். உள்ளே நுழைந்தபின் முடிந்தவரை நீரை முழுவதும் உறிஞ்சிவிடுங்கள். பாதி வற்றிய பையில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். முடிச்சு இருந்தால், நீரை எடுத்தபின் அந்த முடிச்சிலும் ஊசி நுனி படட்டும். திரையில் பைக்குள் வெண்புகை போல ஏதாவது பரவினால் ரத்தம் கசிகிறது என்று பொருள். ஊசியை எடுத்துவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். ரத்தக் கசிவு, தொற்று, கணைய அழற்சி எல்லாம் சேர்த்து நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நேரலாம் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நீரை ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் நீங்களே பாருங்கள். தண்ணீர் போலவோ லேசான ரத்த நிறத்திலோ இருந்தால் சீரஸ் பக்கம் சாயும். காபி டிகாக்ஷன் போலக் கலங்கிய பழுப்பு போலி நீர்ப்பையை நினைவூட்டும். ஒரு சொட்டைக் கையுறை அணிந்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல விரியுங்கள். வெல்லப் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பார்களே, அதே செயல்தான். ஒரு சென்டிமீட்டர் கம்பி அறுந்துவிடாமல் ஒரு விநாடி நின்றால் அது கோழை. என் ஆச்சி அதிரசத்துக்குப் பாகு பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்தச் சோதனையை எனக்கு யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சொட்டு, சர்க்கரை பார்க்கும் சாதாரணக் குளுக்கோமீட்டரின் பட்டைக்கு. பக்கத்து மருந்துக் கடையில் கிடைக்கும் கருவியேதான். கோழை சுரக்கும் செல்கள் குளுக்கோஸைத் தீர்த்துவிடுகின்றன. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கோழை வகை என்று சந்தேகிக்கலாம். சீரஸ் நீர்ப்பையில் அது ரத்தச் சர்க்கரையை ஒட்டியே இருக்கும். அதனால் நோயாளியின் ரத்தச் சர்க்கரையையும் அதே நேரத்தில் பார்த்துக் குறியுங்கள். நீரில் ரத்தம் நிறையக் கலந்தால் எண் பொய்யாக ஏறும். தொற்றுள்ள போலி நீர்ப்பையில் பொய்யாக இறங்கும். இவ்வளவு மலிவான, இவ்வளவு விரைவான சோதனை சிறிய ஊர் மருத்துவமனைக்குப் பெரிய வரம்.

பிறகு நீரில் உள்ள சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவு. 2004இல் புரூகி குழுவினர் 341 நோயாளிகளை ஆராய்ந்து, மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் என்றால் கோழை வகை என்ற எல்லையைத் தந்தார்கள். அந்த எல்லை சரியாகப் பிரித்தது 79 சதவீதம். ஐந்தில் ஒருவரிடம் அது தவறும் என்பதை மறக்கக் கூடாது. 5க்குக் கீழே இருந்தால் கோழை வகைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. சி.இ.ஏ. எவ்வளவு ஏறினாலும் அது கோழையைத்தான் சொல்கிறது, புற்றைச் சொல்வதில்லை. 4,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்த ஒரு கணவரிடம் இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. முன்பே ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். கணைய நொதியான அமைலேஸ் 250க்குக் கீழே இருந்தால் போலி நீர்ப்பை இல்லை என்று கிட்டத்தட்ட உறுதி. மேலே இருந்தால் போலி நீர்ப்பையோ ஐ.பி.எம்.என்.னோ, சில நேரம் எம்.சி.என்.னோகூட இருக்கலாம். ஒரு மில்லிலிட்டர்கூட வராவிட்டால் முதலில் குளுக்கோஸ், அடுத்து சி.இ.ஏ. செல் பரிசோதனைக்கு மிச்சம். நீரில் செல்கள் மிகக் குறைவாகவே மிதக்கும். "செல்கள் இல்லை" என்ற அறிக்கையைப் "புற்று இல்லை" என்று படித்துவிடாதீர்கள். மரபணுச் சோதனை செய்யும் வசதி உள்ள இடங்களில் கே-ராஸ், ஜி.என்.ஏ.எஸ். மாற்றங்கள் கோழை வகையையும், வி.எச்.எல். மாற்றம் சீரஸ் வகையையும் காட்டிக்கொடுக்கும். செலவு அதிகம். மேற்சொன்னவை எல்லாம் கைவிட்டபின் கேட்கலாம்.

அறிக்கை எழுதும் நேரம்தான் எனக்கு மிகவும் முக்கியம். இடம், அளவு, சுவர், தடுப்பு, முடிச்சு, நாளம், நாளத்தோடு தொடர்பு, நிணக்கணு ஆகியவற்றில் எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் எழுதுங்கள். பிறகு பெயரை எழுதுங்கள். இதில் இரண்டு வகை வாக்கியங்கள் உண்டு. சீரஸ் நீர்ப்பைக்கும் தொல்லை தராத போலி நீர்ப்பைக்கும் "இது தீங்கற்றது" என்று எழுதலாம். 2016இல் பல நாடுகள் சேர்ந்து வெளியிட்ட 2,622 சீரஸ் நோயாளிகளின் ஆய்வில், அந்த நீர்ப்பையால் இறந்தவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவுதான். கிளை நாள ஐ.பி.எம்.என்.னுக்கு "இன்று இதில் ஆபத்துக் குறி இல்லை, இத்தனை மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுத வேண்டும். எம்.சி.என். என்றால் அளவு, வயது, உடல்நிலை பார்த்து அறுவைச் சிகிச்சை மருத்துவரோடு பேசுவது உங்கள் பொறுப்பு. "இன்று" என்ற சொல் இல்லாத வாக்கியத்தை ஐ.பி.எம்.என்.னுக்கு எழுதாதீர்கள். அந்தச் சொல்லைச் சீரஸ் வகைக்குச் சேர்த்து ஒருவரை ஆயுள் முழுக்க ஸ்கேனுக்கு அலைய விடவும் வேண்டாம். விடை தெரியவில்லை என்றால் எது தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

நோயாளியிடம் பேசும்போது நான் "கட்டி" என்று சொல்வதில்லை. நம் காதில் அந்தச் சொல் புற்று என்றே விழுகிறது. "நீர்ப்பை" என்கிறேன். சென்ற மாதம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 63 வயது அம்மா ஒருவர் வந்தார். வாலில் 31 மில்லிமீட்டர், தெளிவான தேனடை. மயக்கம் தெளிந்ததும், "டாக்டரம்மா, பொழைப்பேனா?" என்றார். "அம்மா, இது உங்கள் கூடவே இருக்கும், உங்களை ஒன்றும் செய்யாது" என்றேன். ஊசி போடாததால் இரண்டு மணி நேரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ஊசி போட்டிருந்தால், முதுகுக்குப் பாயும் வலி, காய்ச்சல், வாந்தி, கறுப்பு மலம் வந்தால் இரவானாலும் திரும்பி வர வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி, அழைக்க வேண்டிய எண்ணையும் கொடுத்திருப்பேன்.

கிளம்பும் முன் ஒரு கெட்டி அட்டையில் தமிழில் எழுதி, அவருடைய மஞ்சள் பையில் மற்ற படங்களுக்கு முன்னால் வைத்தேன். அடுத்த ஆண்டு வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுத்து, வேறொரு மருத்துவர் இதைப் புதிதாகக் கண்டு பதறுவார் என்பதற்காக. அதில் இருப்பது இவ்வளவுதான்: "கணைய வாலில் சீரஸ் நீர்ப்பை, 31 மி.மீ. இ.யு.எஸ்.ஸில் தேனடைத் தோற்றம். நாளம் இயல்பு. முடிச்சு இல்லை. தீங்கற்றது. தொல்லை எதுவும் இல்லாவிட்டால் ஊசியோ அறுவைச் சிகிச்சையோ வேண்டாம்." கீழே என் கையெழுத்தும் தேதியும்.